பேக்-12 விரிவாக்கம்: எட்டாவது இடம் டெக்சாஸ் ஸ்டேட்டுக்குக் கிடைத்தது ஏன்?

அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பல்கலைக்கழகங்கள் 1915-இல் உருவாக்கிய விளையாட்டுக் கூட்டமைப்பின் வழிவந்தது பேக்-12. போதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் அமையாததால், 2024-இல் அதன் 12 உறுப்பினர்களில் 10 பல்கலைக்கழகங்கள் வெளியேறின. ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டு மட்டுமே எஞ்சின.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், உயர்நிலைப் பிரிவில் நீடிக்க ஒரு கூட்டமைப்புக்குக் குறைந்தது 8 அணிகள் தேவை. பேக்-12-க்கு இருந்த அவகாசம் 2026 ஜூலை 1 வரை மட்டுமே.

2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகியவை மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பிலிருந்து வர இசைந்தன. மெம்பிஸ், துலேன் ஆகியவையோ தங்கள் கூட்டமைப்பிலேயே நீடிப்பதாக அறிவித்தன. அடுத்து இணைந்த கொன்சாகா, கூடைப்பந்தில் புகழ்பெற்றது. எனினும் அதற்குக் கால்பந்து அணியே கிடையாது. எண்ணிக்கை ஏழிலேயே நின்றது.

2025 ஜூன் 30 அன்று டெக்சாஸ் ஸ்டேட் எட்டாவது அணியானது. சன் பெல்ட் கூட்டமைப்பிலிருந்து விலகுவதற்கான கட்டணம், மறுநாளே 50 லட்சம் டாலரிலிருந்து 1 கோடி டாலராக உயரவிருந்தது. ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே சான் மார்கோஸில் அமைந்துள்ள இப்பல்கலைக்கழகத்துக்குக் களத்தில் பெரிய வரலாறு இல்லை. ஆயினும் டெக்சாஸின் தொலைக்காட்சிப் பார்வையாளர்களும், அங்கு உருவாகும் இளம் வீரர்களும் பேக்-12-க்கு எட்டும் தொலைவில் வந்துள்ளனர். அதற்கான விலை, பிற விளையாட்டு அணிகளும் சேர்ந்து மேற்கொள்ள வேண்டிய நெடும் விமானப் பயணங்கள்.