வெந்நீர்க் குடுவையும் மிதிவண்டியும்

பிழைப்பின் பொருட்டுப் பஞ்சாபிலோ, உத்தரப் பிரதேசத்திலோ, இராஜஸ்தானத்திலோ குடியேறி வாழும் நம்மில் பலர், அங்குள்ள சிற்றூர்ச் சாலைகளில் விந்தையான ஒரு வண்டியைக் கண்டிருப்போம். நீர் இறைப்பதற்கென வாங்கிய டீசல் யந்திரத்தை மரச்சட்டத்தின்மேல் ஏற்றி, பழைய மோட்டாரின் சக்கரங்களைப் பூட்டி, ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு அது தடதடவென்று செல்லும். 'ஜுகாட்' என்பது அவ்வூரார் அதற்கு இட்ட பெயர். சட்டத்திற்கு அது உடன்பாடானதன்று. உயிருக்கும் அத்துணைப் பாதுகாப்பானதன்று. ஆதலின் அதனை நகைப்போடு நோக்குவதே நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் ஒன்றிற்கெனச் செய்த பொருளை வேறொன்றிற்கு ஆக்கிக்கொள்ளும் இவ்வகை அறிவு, 1946ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் என்ன செய்தது என்பதை அறிந்தபின் நகைப்பது எளிதன்று.

மிதிவண்டியில் யந்திரத்தைப் பூட்டும் ஆசை அதற்கு வெகுகாலம் முந்தியது. 1885இல் ஜெர்மனியின் கான்ஸ்டாட் நகரில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் மரத்தாலான ஓர் இருசக்கர வண்டியில் அரைக் குதிரைச் சக்தி கொண்ட யந்திரத்தை அமைத்தனர். டைம்லரின் மகன் அதில் ஏறிச் சென்றபோது, அடியிலிருந்த பழுக்கக் காய்ந்த எரிகுழாயினால் ஆசனமே தீப்பற்றியது என்பர். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஹார்லியும் டேவிட்சன் சகோதரரும் 1903 அளவில் முடித்த முதல் வண்டி, சமதரையில் ஓடியது. மேடு கண்டால் நின்றது. ஏறியவர் மிதித்தே கரையேற வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் இத்தாலியில் 'குச்சியோலோ' என்னும் சிறு யந்திரமும், பிரான்சில் 'சொலெக்ஸ்' வண்டியும் தோன்றின. எரிபொருள் அரிதான நாடுகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் இவ்வெண்ணம் முளைத்தமை வியப்பன்று.

இனி ஜப்பானுக்கு வருவோம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே கடலையொட்டி ஹமமத்சு என்னும் நகரம் உளது. நெசவுத் தறிகளுக்குப் பெயர் போன ஊர். நம் கோயம்புத்தூர்க்காரர் அங்குச் சென்றால் சொந்த ஊர் வாடை வீசுவதாகவே உணர்வர். தறி இருக்குமிடத்தில் கடைசல் பட்டறை இருக்கும். வார்ப்படச் சாலை இருக்கும். கையில் எண்ணெய்க் கறை படிந்த கெட்டிக்காரர் பலர் இருப்பர். 1945இல் அந்நகரம் விமானக் குண்டுகளாலும் போர்க்கப்பல்களின் பீரங்கிகளாலும் பெரும்பாலும் அழிந்தது.

அந்நகரை அடுத்த சிற்றூரில் 1906இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் சோய்ச்சிரோ ஹோண்டா. தந்தை மிதிவண்டிகளையும் பழுது பார்ப்பவர். 15ஆம் வயதில் டோக்கியோவில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் சேர்ந்து, 1928இல் ஊர் திரும்பி அப்பட்டறையின் கிளையை நடத்தினார். பிறகு பிஸ்டன் வளையம் செய்யப் புகுந்தார். முதலிற் செய்த வளையங்கள் பயன்படவில்லை. காரணம் அறியவேண்டி, மணமாகிக் குடும்பத் தலைவராக இருந்த அவர் உள்ளூர்த் தொழில்நுட்பக் கல்லூரியின் வகுப்பில் இளைஞரோடு அமர்ந்து கற்றார். உலோகத்தில் சிலிக்கன் குறைவு என்பது தெரிந்தது, வேண்டியதை அறிந்துகொண்டார், பட்டத்தைப் பொருட்படுத்தவில்லை. போர் முடிந்ததும் அத்தொழிலை டொயோடா குழுமத்தினருக்கு 4,50,000 யென்னுக்கு விற்றுவிட்டு ஓராண்டுக் காலம் வாளா இருந்தார்.

வாளா இருந்த காலத்தில் நாடு பட்ட பாட்டை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். பங்கீட்டில் கிடைத்த உணவு வயிற்றுக்குப் போதவில்லை. நகர மாந்தர் தம்மிடமிருந்த பட்டாடைகளை எடுத்துச் சென்று, நாட்டுப்புறத்து உழவரிடம் கொடுத்து அரிசியும் கிழங்கும் பெற்று வந்தனர். புகைவண்டிகளில் நிற்கவும் இடமில்லை. பேருந்துக்கும் லாரிக்கும் பெட்ரோல் இல்லை. எஞ்சியது மிதிவண்டி ஒன்றே. ஹோண்டாவின் மனைவி சச்சி அம்மையாரும் அவ்வாறே மிதிவண்டியில் நெடுந்தொலைவு சென்று உணவுப் பொருள் தேடி வருபவராக இருந்தார்.

1946இல் ஒரு நாள் நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஹோண்டாவின் கண்ணிற்பட்டது ஒரு சிறு யந்திரம். இராணுவத்தாரின் கம்பியில்லாத் தந்திக் கருவிக்கு மின்சாரம் உண்டாக்குவதற்கென்று செய்யப்பட்டது அது. தோற்ற இராணுவத்திற்கு இனி அது எதற்கு? அதைக் கண்ட மாத்திரத்தில் மிதிவண்டியில் பூட்டலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. யந்திரம் கிடைத்துவிட்டது, எரிபொருள் நிறைக்கும் கலம் வேண்டுமே! ஜப்பானியர் குளிர் இரவில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் நிரப்பி வைக்கும் குடுவை ஒன்று வீட்டில் இருந்தது. அதுவே பெட்ரோல் கலமாயிற்று.

முதல் அமைப்பில் யந்திரம் முன் சக்கரத்தின்மேல் நின்றது. யந்திரத்தால் சுழலும் ரப்பர் உருளை ஒன்று சக்கரத்தின் டயரை அழுத்தித் தேய்த்துச் சுழற்றும். செய்வதற்கு இதனினும் எளிய முறை இல்லை. ஆனால் போர்க்காலத்து மட்டமான டயர் அத்தேய்ப்பைத் தாங்குமா? விரைவில் கிழிந்தது. ஆகவே அம்முறையைக் கைவிட்டு, யந்திரத்திலிருந்து பின் சக்கரத்திற்கு வார்ப்பட்டை பூட்டினார். நம் ஊர் மாவு யந்திரத்தில் காணும் அதே வார்ப்பட்டைதான்.

வண்டி முடிந்ததும் அதை ஓட்டிப் பார்க்க அவர் அழைத்தது பட்டறை ஆள் எவரையும் அன்று, தம் மனைவியாரையே. மக்கள் நிறைந்த பெருவீதியில் ஓட்டுமாறு வேண்டினார். அம்மையாரும் தம்மிடமிருந்த நல்ல உடையை உடுத்திக்கொண்டு புறப்பட்டார். போர்க்காலத்தில் ஜப்பானியப் பெண்டிர் அணிந்த 'மொம்பே' என்னும் தளர்ந்த காற்சட்டை அது. வண்டி ஓடிற்று. ஊரார் திரும்பிப் பார்த்தனர். ஆனால் இல்லம் மீண்டு இறங்கியபோது அந்நல்லுடை எண்ணெயில் தோய்ந்திருந்தது!

இரண்டு வீச்சு யந்திரத்தில் மசகெண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவர். காற்றும் எரிபொருளும் கலக்கும் கார்புரேட்டரின் வழியே உட்செல்ல வேண்டிய அக்கலவையில் ஒரு பகுதி, பிஸ்டன் கீழிறங்குகையில் வந்த வழியே வெளியே கக்கப்படுவதுண்டு. பெட்ரோல் காற்றில் ஆவியாகும்; எண்ணெய் எங்கே போகும்? ஓட்டுபவர் உடையில்தான் படியும். இது ஆகாது, வாங்குவோர் வந்து குறைகூறுவர் என்று அம்மையார் முறையிட, ஹோண்டா வழக்கம்போல் மறுத்துப் பேசாமல் அதை ஒப்புக்கொண்டார் என்பது அக்குடும்பத்தார் வாயிலாக வந்த செய்தி. மனைவி மிதிக்கும் துன்பத்தைக் காணப் பொறாமல் வண்டியைச் செய்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியதுண்டு. அம்மையாரோ அதை முழுவதும் நம்பவில்லை. பெண்டிராலும் ஓட்டமுடியுமா என்று பார்க்கவே தம்மை ஏற்றினார் என்பது அவர் கருத்து. நமக்கு அம்மையாரின் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் அவ்வாறு சோதித்தமையும் ஒரு பேரறிவே. அக்காலத்து மோட்டார் சைக்கிள் செய்தவருள் எத்தனை பேர் அரிசி மூட்டையோடு வரும் ஒரு தாயை மனத்திற்கொண்டு செய்தனர்?

பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு இருந்தமையால், பைன் மரத்தின் வேரிலிருந்து வடித்த எண்ணெயைக் கலந்து ஓட்டினர். போரின் இறுதியில் விமானங்களுக்கு எரிபொருள் தேடிய அரசு, மக்களைக் கொண்டு பைன் வேர்களைத் தோண்டச் செய்திருந்தது. அதிலிருந்து கற்றதே இம்முறை. வண்டி செல்லும் வழியெல்லாம் கற்பூரத் தைலத்தின் நெடி அடிக்கும். எளிதிற் பற்றாத எண்ணெய் ஆதலின், யந்திரம் சூடேறும் வரை ஓட்டுபவர் வியர்க்க வியர்க்க மிதித்தாக வேண்டும். ஓடத் தொடங்குமுன் களைத்தவர்கள் பலராக இருப்பர்!

இவ்வகை யந்திரங்களுள் சுமார் 500ஐ ஹோண்டா திரட்டினார். ஒவ்வொன்றையும் பிரித்து, ஆராய்ந்து, மீண்டும் பூட்டி விற்றார். பட்டறை என்பது ஒரு சிறு கொட்டகையே. வாங்குவோரோ தொலைவூர்களிலிருந்தும் தேடி வந்தனர். 500ம் தீர்ந்தபின் என்ன செய்வது? அங்கேதான் தழுவிச் செய்பவரும் தாமே படைப்பவரும் பிரிகின்றனர். 1947இல் அவர் தாமே வரைந்து வார்த்த 50 கன சென்டிமீட்டர் யந்திரம் வெளிவந்தது; அரைக் குதிரைச் சக்தி; 'ஏ' வகை எனப்பட்டது. அதில் கலவை உட்புகும் வாயிலைச் சுழலும் தட்டு ஒன்று திறந்து மூடும். கலவை பின்னோக்கிக் கக்குவது அதனால் குறையும். சச்சி அம்மையாரின் உடையிற் படிந்த கறையை எண்ணாமல் இதைச் சொல்ல நம்மால் இயலவில்லை.

1948 செப்டம்பரில் 10 இலட்சம் யென் முதலீட்டில் ஹோண்டா மோட்டார் கம்பெனி தோன்றியது. அடுத்த ஆண்டு முழு மோட்டார் சைக்கிளே செய்துவிட்டனர். ஆயினும் மிதிவண்டியை மறக்கவில்லை. 1952இல் 'கப்' என்னும் யந்திரத்தை வெளியிட்டபோது, விற்பனைப் பொறுப்பிலிருந்த தக்கியோ புஜிசாவா நாடெங்குமுள்ள சுமார் 50,000 மிதிவண்டிக் கடைக்காரர்களுக்குக் கடிதம் எழுதினார். வெள்ளை நிறக் கலமும் சிவப்பு மூடியுமாக யந்திரம் அட்டைப் பெட்டியில் வந்திறங்கும். கடைக்காரர் அதை வாடிக்கையாளரின் வண்டியில் பூட்டித் தருவார். அதே ஆண்டு ஹமமத்சுவிலேயே, தறி செய்துவந்த சுசுகி நிறுவனத்தாரும் 36 கன சென்டிமீட்டர் யந்திரம் பூட்டிய மிதிவண்டியை விற்கத் தொடங்கினர்.

அவ்விரு பெயர்களும் நமக்குப் புதியனவல்ல. 1984இல் ஓசூரில் டி.வி.எஸ். குழுமத்தார் சுசுகியோடு கூடி 100 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிளைக் கொணர்ந்தனர். அக்கூட்டு 2001 வரை நீடித்தது. அதே 1984இல் ஹோண்டாவோடு கூட்டு நிறுவனம் தொடங்கியவர்கள் லூதியானாவில் ஹீரோ மிதிவண்டி செய்துவந்த முஞ்சால் குடும்பத்தினர். அரியானாவின் தாருஹேராவில் அவர்கள் ஆலை எழுந்தது. தில்லியிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்யும் தமிழன்பர்கள் அவ்வூரைக் கடந்தே செல்கின்றனர்.