வேர் சொன்ன சேதி

காட்டை வெட்டுவது ஒரு வேலை; வெட்டிய காட்டைக் கழனியாக்குவது வேறு வேலை. மரம் சாய்ந்ததும் காடு ஒழிந்தது என்று பட்டணத்துக்காரன் நினைப்பான். வேரும் கல்லும் வெளியே வரும்வரை நிலம் தன்னுடையதாகவில்லை என்பது குடியானவனுக்குத் தெரியும். இந்தச் சின்ன விஷயத்தை மறந்ததால், ஒரு சர்க்கார் 3 கோடி 60 லட்சம் பவுனை மண்ணிலே போட்ட கதை ஒன்று உண்டு.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். ஜயித்த பிரிட்டனிலே சமையல் கொழுப்புக்கு ரேஷன். யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியைச் சேர்ந்த பிராங்க் சாமுவேல் 1946-ல் ஒரு யோசனை சொன்னார்: கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டை அழித்து வேர்க்கடலை பயிரிடலாம். ஜான் வேக்ஃபீல்டு தலைமையில் ஒரு குழு போயிற்று. ஒன்பது வாரங்களில், பெரும்பாலும் விமானத்திலிருந்தபடியே பார்த்துவிட்டு, 30 லட்சம் ஏக்கருக்கு மேல் திருத்தலாம் என்று அறிக்கை கொடுத்தது. உணவு மந்திரி ஜான் ஸ்ட்ரேச்சி ஏற்றுக்கொண்டார். ஆகாயத்திலிருந்து பசுமை தெரியும். வேர் தெரியுமா?

1947-ல் டாங்கனிக்காவில், இன்றைய தான்சானியாவில், கொங்வா என்ற இடத்தில் வேலை தொடங்கியது. யுத்தத்தில் மிச்சமான டிராக்டர்களைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். ஷெர்மன் டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றினார்கள். புல்டோசர் முட்டினால் புதர் சாய்ந்துவிடும், அதில் கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் பிறகுதான். மண்ணுக்குள் வேர்கள் கயிற்றுப்பின்னல்போலக் கிடந்தன. வேர் பிடுங்கும் கலப்பையின் இரும்புப் பற்கள் வளைந்தன, முறிந்தன. மழை நின்றதும் களிமண் செங்கல்லாக இறுகியது. அதிலிருந்த கூர்மையான கல்மணல் கொழுக்களை அரம்போலத் தேய்த்தது. கப்பல் நங்கூரச் சங்கிலியை இரண்டு புல்டோசர்களுக்கு நடுவே கட்டி இழுத்தும் பார்த்தார்கள். மரம் விழுந்தது, வேர் விழவில்லை. முதல் வருஷத்துக் குறி 1,50,000 ஏக்கர். பயிரிட முடிந்தது சுமார் 7,500 ஏக்கர்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கொழுப்பில்லாமல் ரொட்டி தின்ற ஜனங்களுக்காகச் செய்த காரியம் அது. இயந்திரங்களோடு இரவுபகலாக மல்லாடிய மனிதர்களும் சோம்பேறிகள் அல்லர். என் மனசை உறுத்துவது வேறொன்று. அந்த வேரை எப்படிப் பிடுங்குவது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அது ஏன் அப்படிப் பரவியிருக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

மழை தாராளமாகப் பெய்கிற ஊரில் செடி அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. தண்ணீர் அரிதான இடத்தில்தான் புதர் மண்ணுக்குள் கைகளை நீட்டி நீட்டித் தேடுகிறது. கலப்பையை முறித்த ஒவ்வொரு வேரும், ‘இங்கே மழையை நம்பாதே’ என்றுதான் சொல்லிற்று. அதே சேதியை அங்கே வாழ்ந்த கோகோ மக்களும் அறிவார்கள். அவர்கள் சோளமும் கம்பும் விதைத்து மாடு மேய்த்தவர்கள். 1917 முதல் 1920 வரை அவர்கள் நாட்டை வாட்டிய பஞ்சத்துக்கு ‘ம்துன்யா’ என்று பெயரே வைத்திருந்தார்கள். கொங்வாவுக்கு டிராக்டர் வந்தபோது அந்தப் பஞ்சத்தைக் கண்டவர்கள் பலர் உயிரோடிருந்தார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க ஒன்பது வாரம் வேண்டாம், ஒரு மாலை போதும்.

வேரோடு போராடித் திருத்திய நிலத்திலும் மழை ஏமாற்றியது. வேர்க்கடலையோ மண்ணுக்குள் காய்க்கிற பயிர். இறுகிய களிமண் அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது. 1951 ஜனவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

கொங்வாவில் திருத்திய நிலத்தில் ஒரு பகுதி பிற்பாடு மாட்டுப் பண்ணையாயிற்று. டிராக்டர் வருவதற்கு முன்னால் கோகோ மக்கள் அந்தப் பிரதேசத்தில் செய்துகொண்டிருந்ததும் மாடு மேய்ப்பதுதான்.