களியக்காவிளை தாண்டி வந்த புத்தகங்கள்

"கல்கி முடிச்சாச்சு, சுஜாதா முடிச்சாச்சு, பாலகுமாரனும் பாதி முடிச்சாச்சு. இனி என்ன படிக்கலாம்?" இங்கே டொராண்டோவில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் சும்மா கேட்பதில்லை. கொஞ்சம் கனமாக, படித்து முடித்த பிறகும் மனதில் கிடந்து உறுத்துகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். யாரை எடுப்பது, எங்கே தொடங்குவது என்பதுதான் சிக்கல். "ஒரு லிஸ்ட் குடுங்க, போதும்" என்பார்கள்.

லிஸ்ட் கொடுப்பது சுலபம். ஆனால் அந்த லிஸ்டின் முதல் புத்தகத்தில் இருபதாம் பக்கத்தோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம். அதனால் இந்தப் பதிவில் லிஸ்டுக்குப் பதிலாக ஒரு வரலாறு சொல்லப் போகிறேன். என் ஊர்ப் பக்கத்து ஆட்கள் தங்கள் எழுத்தாளர்களைக் கண்டுபிடித்த வரலாறு. நீங்கள் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

என் ஊர் காரோடு. திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை தாலுகா, பாறசாலை பக்கம். கழக்கூட்டத்திலிருந்து வரும் பைபாஸ் சாலையில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச தூரம் போனால் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ராஜ்யம்தான். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதியும் போயிற்று. நேசமணி தலைமையில் நடந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராட்டத்தில் நெய்யாற்றின்கரையும் கேட்கப்பட்டது, கிடைக்கவில்லை. ஆக, நாங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ். அந்தத் தமிழும் எப்படிப்பட்டது தெரியுமா? குடிக்கிற நீருக்கு வெள்ளம், ஞாபகத்துக்கு ஓர்மை, வேலைக்கு சோலி, தோப்புக்கு விளை. மதுரைக்காரர் கேட்டால் "இது மலையாளம்" என்பார். கோட்டயத்துக்காரர் கேட்டால் "இது பாண்டித் தமிழ்" என்பார்!

ஆனால் இலக்கியத்துக்கு இந்தக் குழப்பம் கெடுதல் செய்யவில்லை என்றே வரலாறு சொல்கிறது.

1891ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அந்த வருடம் அச்சாயிற்று. அதே வருடம்தான் சி. வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' என்ற மலையாள நாவலும் வந்தது. ஒன்று தமிழின் முக்கியமான நாடகக் காப்பியம், மற்றது மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். இரண்டும் ஒரே ராஜ்யத்தின் பிள்ளைகள். மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கு அந்தப் பலாமரம்தான் முதல் சரித்திர நாவல் :-)

சரி, புத்தகம் சாதாரண ஆள் கைக்கு எப்படி வந்தது? 1945ல் அம்பலப்புழையில் பி. என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்து திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். அது வளர்ந்து வளர்ந்து கேரளம் முழுக்க ஊருக்கு ஊர் வாயனசாலை வந்தது. அதே 1945ல் கோட்டயத்தில் எழுத்தாளர்களே சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தங்கள் புத்தகங்களைத் தாங்களே பதிப்பித்தார்கள். தகழியும் பஷீரும் டீக்கடை பெஞ்ச் வரை வந்து சேர்ந்ததற்கு இந்த இரண்டும் பெரிய காரணங்கள். தமிழ்ப் பக்கம் நிலைமை வேறு. சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1948ல். ஆனால் தீவிரமான இலக்கியம் வாழ்ந்தது சில நூறு பேர் வாசித்த சிறுபத்திரிகைகளில். சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' (1959) அதற்கு நல்ல உதாரணம். எல்லையோரத்து வாசகனுக்கு இரண்டு கதவுகள் இருந்தன. மலையாளக் கதவு அகலத் திறந்து கிடந்தது. தமிழ்க் கதவை யாராவது ஒருவர் கைப்பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

இந்த இரண்டு கதவுகளையும் பயன்படுத்திய ஆள்தான் சுந்தர ராமசாமி (1931-2005). சிறு வயது கோட்டயத்தில். பள்ளியில் படித்தது மலையாளம், ஆங்கிலம், சமஸ்கிருதம். தமிழை அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது ஏறக்குறைய பதினெட்டு வயதில்! பிற்காலத்தில் தமிழ் உரைநடையை இவ்வளவு கறாராக எழுதியவர் அவர் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் புதுமைப்பித்தனைக் கண்டடைந்தார். (புதுமைப்பித்தன் 1948ல் இறந்தது திருவனந்தபுரத்தில் என்பதும் பலருக்குத் தெரியாது.) 1951ல் நாகர்கோவிலிலிருந்து புதுமைப்பித்தன் நினைவு மலர் கொண்டுவந்தபோது சு.ரா.வுக்கு இருபது வயது. இன்னொரு பக்கம் தகழியைப் படித்தார், படித்ததோடு நிற்காமல் மொழிபெயர்த்தார். 'செம்மீன்' 1962ல் சாகித்ய அகாதெமி வழியாகத் தமிழில் வந்தது. இளம் வயதில் மொழிபெயர்த்த 'தோட்டியின் மகன்' 2000ல்தான் புத்தகமாயிற்று.

பிறகு 1981ல் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. தமிழில் "கடினமான நாவல்" என்றாலே இன்றும் பலர் சொல்லும் பெயர். அதன் கதை என்ன? பாலு என்ற தமிழ் எழுத்தாளன் ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளனைத் தேடிப் போகிறான். ஜே.ஜே. இறப்பது ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்ததற்கு மறுநாள். ஒரு வாசகன் தன் எழுத்தாளனைத் தேடுவதே அங்கே நாவலாகியிருக்கிறது. அந்தத் தேடலும் களியக்காவிளையைத் தாண்டித்தான் போகிறது. அந்த நாவலை ஆற்றூர் ரவிவர்மா மலையாளத்துக்குக் கொண்டுபோனார். போன பாதையிலேயே புத்தகம் திரும்பி வந்த மாதிரி.

எல்லாரும் தனியாகத் தேடவில்லை. வழிகாட்டியவர்கள் இருந்தார்கள். திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியர் ஜேசுதாசன் அப்படி ஒருவர். பின்னாளில் விமர்சகர்களான ராஜமார்த்தாண்டன், வேதசகாயகுமார் இருவரும் அவருடைய மாணவர்கள். அவர் மனைவி ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கிலப் பேராசிரியர். 1964ல் 'புத்தம் வீடு' எழுதினார். பனைவிளை என்ற ஊர், லிஸி என்ற பெண், பனையேறிகளின் வாழ்க்கை. சிறிய நாவல்தான், ஆனால் அந்தப் பேச்சு அதற்குமுன் தமிழ் நாவலில் கேட்காத பேச்சு.

இன்னொருவர் க.நா. சுப்ரமணியம் (1912-1988). அவர் எங்கள் பக்கத்துக்காரர் இல்லை, தஞ்சாவூர்க்காரர். தமிழில் லிஸ்ட் போடுவதை ஒரு இலக்கிய வேலையாகவே செய்தவர். 'படித்திருக்கிறீர்களா?' என்று ஒரு புத்தகமே எழுதினார். நட் ஹாம்சனை 'நிலவளம்' என்றும், செல்மா லாகர்லெவை 'மதகுரு' என்றும் தமிழில் தந்தார். திருவனந்தபுரத்தில் மின்வாரியப் பொறியாளராக இருந்த நீல. பத்மநாபன் 1968ல் 'தலைமுறைகள்' எழுதியபோது, அதன் தரத்தைக் கண்டுகொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் க.நா.சு.தான். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இரணியல் செட்டிமார் பேச்சில் எழுதப்பட்ட நாவலை எடுத்து உலகத்துக்குக் காட்டினார் என்றால், அந்தப் பேச்சு அவருக்குத் தடையாக இருக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. 'தலைமுறைகள்' படிக்கக் கஷ்டம் என்று சென்னை நண்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கஷ்டமே இல்லை. அம்மை ஃபோனில் பேசுகிற மாதிரி இருந்தது. வெளியூரில் பேசினால் சிரிப்பார்கள் என்று நாங்கள் நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்த சொற்கள், அச்சில், தலை நிமிர்ந்து நின்றன. மாறாக, தமிழ் வாசகர்கள் ரொம்ப இயல்பாகப் படிக்கும் சென்னை அலுவலகக் கதைகள் எனக்கு முதலில் அந்நியமாகத்தான் இருந்தன. அதாவது, கடினம் என்பது எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

மூன்று விதக் கடினங்கள் உண்டு என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன். முதலாவது பேச்சின் கடினம்: 'தலைமுறைகள்', 'புத்தம் வீடு', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988). மீரான் (1944-2019) தேங்காப்பட்டணத்துக்காரர், அவரும் பள்ளியில் படித்தது மலையாளம்தான். இந்தக் கடினம் ஐம்பது பக்கத்தில் காது பழகியதும் கரைந்துவிடும். இரண்டாவது விஷயத்தின் கடினம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே எழுதிய ஆ. மாதவனின் (1934-2021) 'கிருஷ்ணப் பருந்து' மாதிரி. வாக்கியங்கள் எளிமையானவை, உள்ளே இருக்கும் மனித ஆசைதான் சங்கடப்படுத்தும். மூன்றாவது வடிவத்தின் கடினம். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த நகுலனின் (1921-2007) 'நினைவுப்பாதை' (1972) அப்படி. அங்கே கதை என்று பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. நவீனன் என்ற மனதோடு நடந்துபோக வேண்டியதுதான். அது எந்த ஊர்க்காரருக்கும் கஷ்டம்தான்.

எங்கள் பக்கத்து வாசகர்கள் போன பாதையும் இந்த வரிசைதான். மற்றவர்களுக்குக் கடினமாகவும் தனக்கு எளிதாகவும் இருந்த புத்தகத்தில் தொடங்கினார்கள். அதில் கிடைத்த தைரியத்தில் அடுத்ததற்குப் போனார்கள். பிடித்த எழுத்தாளர் யாரைப் படித்தார், யாரை மொழிபெயர்த்தார் என்று பார்த்து அந்த வாசலுக்குள் நுழைந்தார்கள். சு.ரா.வைப் பிடித்தவன் தகழிக்கும் காம்யுவுக்கும் போவான். ஆ. மாதவனைப் பிடித்தவன் அவர் மொழிபெயர்த்த பி. கே. பாலகிருஷ்ணனின் 'இனி நான் உறங்கட்டும்' நாவலுக்குப் போவான், அங்கிருந்து மகாபாரதத்துக்கே போய்விடலாம்!

புலம்பெயர்ந்த நமக்கு இது ஏன் முக்கியம்? நம் வீடுகளில் தமிழ் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே வருகிறது. முதலில் போவது வட்டாரச் சொல். எல்லா ஊர்க்காரரும் சேர்ந்து பேசும்போது பொதுத்தமிழ் மிஞ்சுகிறது, பிள்ளைகள் காலத்தில் அதுவும் வகுப்பறைத் தமிழாகச் சுருங்குகிறது. ஆச்சி பேசிய தமிழ் அப்படியே உயிரோடு இருக்கிற ஒரே இடம் இந்த மாதிரி நாவல்கள்தான். நான்கு பக்கம் உரக்கப் படித்தால் போதும், அந்தக் குரல் வீட்டுக்குள் வந்துவிடும்.

அதனால் லிஸ்ட் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்க ஊர் எது?" கோவில்பட்டிப் பக்கம் என்றால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. கொங்கு என்றால் ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. தஞ்சாவூர் என்றால் தி. ஜானகிராமன். யாழ்ப்பாணம் என்றால் கே. டானியலும் எஸ். பொன்னுத்துரையும். புத்தகம் கிடைக்காது என்ற சாக்கும் இப்போது செல்லாது. ஸ்கார்பரோ பக்கத்து நூலகக் கிளைகளில் தமிழ் அலமாரி இருக்கிறது. ஈழத்துப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் நூலகம் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இதே டொராண்டோவில் தமிழ் இலக்கியத் தோட்டம் 2001ல் தன் முதல் இயல் விருதைக் கொடுத்தது யாருக்கு? நாகர்கோவில் சுந்தர ராமசாமிக்குத்தான். அவ்வளவு தூரம் அவர் வந்துவிட்டார். அலமாரி வரைக்கும் நாம் போகலாம், தப்பில்லை.

உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதிய ஒருவரை முதலில் கண்டுபிடியுங்கள். அவர் யாரைப் படித்து எழுத்தாளர் ஆனார் என்று விசாரியுங்கள். உங்கள் அடுத்த புத்தகம் அதுதான்.