பொருள்நோக்கு நிரலாக்கம்

தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ‘பொருள்’ என்னும் ஒரே அலகாகக் கட்டும் நிரலாக்க முறை. 1960களில் நார்வேயில் ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நிகோர் இருவரும் உருவாக்கிய சிமுலா மொழியில் வேர்கொண்டது. செல்பேசிச் செயலிகளுக்கான ஜாவா, கோட்லின், ஸ்விஃப்ட் மொழிகளைக் கற்பவருக்கு இதுவே அடிப்படை.

வகுப்பு அச்சு, பொருள் அதில் வார்த்தெடுத்தது. ஆண்ட்ராய்டில் ‘ஆக்டிவிட்டி’ வகுப்பிலிருந்து மரபுரிமை பெற்று, ‘ஆன்கிரியேட்’ செயலை நம் தேவைக்கேற்ப மாற்றி எழுதினால் ஒரு திரை பிறக்கிறது. போனைக் குறுக்காகத் திருப்பினால், வேறு ஏற்பாடு இல்லாதபோது, அந்தப் பொருள் அழிந்து புதியது உருவாகும். உதாரணமாக, பழைய பொருளின் மாறியில் 7 வரை ஏறியிருந்த ஓர் எண்ணிக்கை மறுபடி 0 ஆகிவிடும். வகுப்பு வேறு, பொருள் வேறு என்பதை எந்த வரையறையையும்விட இது தெளிவாகப் புரியவைக்கும். எண்ணிக்கையைக் காப்பாற்ற, திரை திரும்பினாலும் அழியாத ‘வியூமாடல்’ என்ற வேறொரு பொருளிடம் அதை ஒப்படைப்பார்கள்.