சுரண்டிய நிலமும் அய்யனார் காத்த விதையும்

1. களம்

இடையஞ்சாவடி, மரக்காணம் உப்பளக் கரைக்குத் தெற்கே வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் உள்ள ஊர். இங்கே சுரங்கம் இருந்ததில்லை. ஆனாலும் சுரங்க நிலத்தின் மறுவாழ்வை ஆராய இவ்வூரிலிருந்தே தொடங்குகிறேன். காரணம் பாறை. இம்மேட்டிலும் காணப்படும் கடலூர் மணற்கல் தொகுதிதான் தெற்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியைப் பொதிந்து வைத்திருக்கிறது. திருவக்கரையில் அதே தொகுதியில் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன.

2. மண் போனதும் நின்றதும்

மரம் வெட்டலும் மிகை மேய்ச்சலும் மேட்டை மொட்டையாக்கின. ஐப்பசி, கார்த்திகை மழை செம்மண்ணை அறுத்து வங்கக் கடலில் சேர்த்தது. இரும்பை மாகாளேசுவரர் கோயிலைச் சார்ந்த கதை இவ்வறட்சியைக் கடுவெளிச் சித்தரின் சாபம் என்கிறது.

1968-இல் இம்மேட்டில் ஆரோவில் என்னும் பன்னாட்டு நகரம் தொடங்கிய பின், வந்து குடியேறியவர்களும் சுற்றூர் உழைப்பாளிகளும் விழுந்த மழை விழுந்த இடத்திலேயே நிற்கும்படி கரை போட்டார்கள். ஓடைகளின் குறுக்கே தடுப்பு கட்டினார்கள். வெறும் தரையில் முதல் நிழல் தந்தவை ஆஸ்திரேலிய வேல மரங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் அவற்றில் ஏராளமானவற்றைச் சாய்த்தது. அந்த நிழலை நம்பி வளர்ந்திருந்த நாட்டு மரங்கள் பெரிதும் தாக்குப்பிடித்தன. நிலைத்து நிற்பது நாட்டு மரமே என்பதற்கு இந்த ஆய்வில் எனக்கு முதன்மையான சான்று இதுவே.

3. விதை

அந்த நாட்டு மரங்களின் விதை எங்கிருந்து வந்தது? வீரை, கருங்காலி, உலக்கைப் பாலை முதலியவை இக்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்கு உரியவை. அக்காட்டின் எச்சம் பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் நிற்கிறது. கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் அய்யனார் கோயில்காடு அதற்குச் சான்று. சாமி காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்று தலைமுறைதோறும் அஞ்சி நடந்தவர்களே விதையைக் காத்தவர்கள். இத்தகைய காடுகளிலிருந்து ஆரோவிலில் காடு வளர்ப்பவர்கள் விதை சேகரித்து நாற்று வளர்த்தார்கள். அந்த மரபு இல்லாதிருந்தால் இயற்கைக்குத் திரும்பி வர வழி இருந்திருக்காது.

4. நெய்வேலி

1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நெய்வேலியில் சிக்கல் இதைவிடக் கடினமானது. ஒரு டன் நிலக்கரிக்கு 5 கன மீட்டருக்கும் மேலாக மண் அகற்றுகிறார்கள்; அகற்றும்போது மண்ணடுக்கு தலைகீழாகிறது. நிரப்பிய குழிகளின் மேல் மரம் நட்டிருக்கிறார்கள், பயிர் செய்து பார்த்திருக்கிறார்கள், பூங்காவும் அமைத்திருக்கிறார்கள். அந்தப் பசுமை எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வேகமாக வளரும் மரத்தோடு நின்றுவிட்டால் புயலை அது தாங்குமா? மேல்மண்ணைத் தனியே காத்துக் கடைசியில் பரப்ப வேண்டும். அதில் கோயில்காட்டு விதை விழ வேண்டும். சுரங்கத்துக்கு நிலமும் ஊரும் கொடுத்தவர்களின் குலசாமிக்கும் அந்த நிரவிய மண்ணில் ஒரு காடு ஒதுக்க வேண்டும். அதைக் காக்கும் முறை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.