தலைப்பெழுத்து யாருடையது?

அம்மாவின் பள்ளி இறுதிச் சான்றிதழில் அவர் பெயருக்கு முன்னால் 'ச' இருக்கிறது. ரேஷன் கார்டில் 'கு'. முதலாவது தாத்தா, இரண்டாவது அப்பா. ஒரு பழைய வைப்புத்தொகையை எடுப்பதற்காக, இந்த இரு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று அறுபத்தெட்டு வயதில் அவர் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடும்போது, "எந்த இனிஷியல் போடட்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்தச் சொல்லின் பின்னால் போக வைத்தது.

இனிஷியல் ஆங்கிலச் சொல். அதன் வேரான லத்தீன் 'இனிஷியம்' தொடக்கத்தைக் குறிப்பது. அதற்குத் தமிழில் தலைப்பெழுத்து, முன்னெழுத்து, முதலெழுத்து என்று மூன்று சொற்கள் புழங்குகின்றன. முதலெழுத்து என்றால் இலக்கணத்தில் உயிரும் மெய்யுமான முப்பதையும் குறிக்கும் என்பதால் அது இங்கே குழப்பும். முன்னெழுத்து தெளிவானது. எனக்குப் பிடித்தது தலைப்பெழுத்து. சேலையின் முந்தானையையும் தலைப்பு என்றுதானே சொல்கிறோம்!

பேச்சுத் தமிழில் இந்த ஆங்கிலச் சொல் தன் பழைய பொருளை விட்டுவிட்டது. "பிள்ளைக்கு இனிஷியல் கொடுக்க மாட்டேன்கிறான்" என்று ஒரு பெண் அழுதால், அவள் எழுத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தந்தை இன்னார் என்று ஊரறிய ஒப்புக்கொள்வதே இங்கே இனிஷியல்.

எழுத்துதான் புதிது, வழக்கம் மிகப் பழையது. கொற்றனுடைய மகன் கொற்றனைக் கொற்றங்கொற்றன் என்றும், சாத்தனுடைய மகன் கொற்றனைச் சாத்தங்கொற்றன் என்றும் தொல்காப்பிய உரைகள் எடுத்துக்காட்டுகின்றன. முன்னால் நிற்பவன் தந்தை, பின்னால் நிற்பவன் மகன். வேறு உறவுக்கு அந்த இடத்தில் வேலையில்லை. வேறு உறவென்றால் அதை வாய்விட்டுச் சொன்னார்கள். புறநானூற்றில் பாடிய அரசியின் பெயர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. 'தேவி' என்ற சொல் நடுவில் நின்று உறவைச் சொல்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனின் தமக்கையைத் தேடிப் பாருங்கள். வல்லவரையர் வந்தியதேவரின் மகாதேவியார் என்று கணவரைச் சொல்கிறது கல். ஆனால் அவர் பெயரோடு ஒட்டி வருவது பராந்தகன். ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். பராந்தகன் அவரைப் பெற்ற சுந்தர சோழன். மணமான பெண், கணவரின் பெயரும் மரியாதையோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. இருந்தும் தந்தைக்குரிய இடத்தில் கணவரைக் கொண்டுவந்து வைக்க எவருக்கும் தோன்றவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்தச்சனுக்கு இருந்த தெளிவு இது.

எழுத்து அந்த உறவுச்சொல்லை விழுங்கிவிட்டது. மகள், தேவி என்பவை போய், ஒரு புள்ளியும் ஓர் எழுத்தும் மிஞ்சின. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னாலிருந்த சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. பட்டம் பலருக்கும் உதிர்ந்தபின், அடையாளத்தின் முழுச் சுமையும் முன்னாலிருந்த எழுத்தின் மேல் ஏறியது. பட்டத்தை உதறிய தலைமுறையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பெண்ணின் எழுத்தை மட்டும் மணமேடையில் மாற்றும் வழக்கத்தையும் அவர்களுக்குப் பின் வந்த நாம் உதறியிருக்க வேண்டும்.

குடும்பம் முழுவதும் ஒரே பெயரில் இருக்கட்டுமே என்று வடக்கிலும் மேற்கிலும் சொல்லும் நியாயம் நம்மிடம் செல்லாது. இங்கே கணவருக்கு அவருடைய அப்பாவின் எழுத்து. மனைவிக்குக் கணவரின் எழுத்து. பிள்ளைகளுக்கும் அதே கணவரின் எழுத்து. பெயர்ப்பட்டியலை மட்டும் பார்க்கிற அந்நியருக்கு, என் அம்மா என் அக்காவாகத்தான் தெரிவார். கொற்றங்கொற்றன் இலக்கணப்படி படித்தால் மனைவி கணவனின் மகளாகிவிடுகிறாள். இதை எந்த மனைவி விரும்புவாள், எந்தக் கணவன் விரும்புவான்?

மாற்றாமல் வாழ்ந்தவர்கள் நம் கண்முன்னே இருந்தார்கள். 1940இல் சதாசிவத்தை மணந்த பிறகும் சுப்புலட்சுமி எம்.எஸ். ஆகவே இருந்தார். எம் மதுரை, எஸ் அவருடைய தாய், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் எல்லும் தாய் லலிதாங்கிதான். தந்தைக்கே உரியதென்று நாம் நினைக்கும் இடத்தில் இரண்டு தாய்மார்களை வைத்துத் தமிழுலகம் முழுவதும் கொண்டாடியிருக்கிறோம்.

மணமானதும் பெயரை மாற்றியாக வேண்டும் என்று இந்தியாவில் சட்டம் ஏதுமில்லை. பாஸ்போர்ட்டுக்கும் அது தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் கணவர் பெயருக்குத் தனி வரி இருக்கிறது. கல்வெட்டு செய்ததைப் போல உறவைச் சொல்லி எழுதும் வரி அது. அது போதும். விரும்பி மாற்றிக்கொள்ளும் பெண்ணை நான் தடுக்க மாட்டேன். ஆனால் திருமணம் முடிந்த மறுவாரமே மருமகளின் ஆதாரை எடுத்துக்கொண்டு, "இனிஷியலை மாத்திடலாம்மா" என்று அன்பாகக் கிளம்புகிற மாமனார் மாமியாரிடம் ஒன்று கேட்பேன்: அவளைப் பெற்றவர் யாரென்பது அந்த ஒரு வாரத்தில் மாறிவிட்டதா?

அம்மா அன்று இரண்டு எழுத்தையும் போட்டுக் கையெழுத்திட்டார். 'ச'வை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. நாற்பத்தாறு வருடமாக எழுதாத எழுத்து.