முயல்களிடமிருந்து மீட்ட திடல்

நீளம் ஏறக்குறைய 30 அடிதான். ஆனாலும் கோல்ஃப் உலகில் அந்தச் சிறு கல்பாலத்தை அறியாதவர் இல்லை. ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில், 'ஓல்ட் கோர்ஸ்' எனப்படும் பழம்பெரும் திடலின் ஸ்வில்கன் ஓடை மீது அது நிற்கிறது. 2023 பிப்ரவரியில் பாலத்தின் ஒரு முனையில் தரைக்குக் கல் பதித்தார்கள். சுற்றுப்பயணிகளின் கால் பட்டுப் புல் தேய்ந்துபோனதே காரணம். படம் வெளியானதும் உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களிலேயே கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன.

நாலு கல்லுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். திடலின் வரலாற்றைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அந்தக் கடலோர மணல்வெளியில் கோல்ஃப் விளையாட நகர மக்களுக்கு உரிமை உண்டு என்பதை 1552ஆம் ஆண்டு ஆவணமே ஏற்றுக்கொண்டுள்ளது. 1764இல் இங்கிருந்த 22 குழிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டன. நாளடைவில் அதுவே உலக வழக்கமாயிற்று.

இத்தகைய திடலும் ஒருமுறை கைநழுவியது. கடனில் மூழ்கிய நகர மன்றம் 1797இல் நிலத்தை இழந்தது. பிறகு அங்கே வணிகத்துக்காக முயல்கள் வளர்க்கப்பட்டன. அவை வளை தோண்டித் திடலைப் பாழாக்க, விளையாட்டாளர்கள் நீதிமன்றம் வரை சென்றார்கள். 1821இல் ஜேம்ஸ் சீப் என்பவர் நிலத்தை வாங்கிய பிறகே தொல்லை ஓய்ந்தது. 1894இல் நகர மன்றம் அதைத் திரும்பப் பெற்றது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் அறநிறுவனம் அதை நிர்வகித்து வருகிறது. பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் கிடையாது. அன்று ஊர்மக்கள் திடலில் காலார நடக்கிறார்கள்.

முயல்கள் போயின, நவீனம் வந்தது. புதிய மட்டைகளும் பந்துகளும் ஆட்டத்தின் தூரத்தைக் கூட்டிவிட்டன. 2010 ஓப்பன் போட்டிக்காக 17ஆவது குழியின் தொடக்க இடம் 40 கெஜம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. 455 கெஜமாக இருந்த தூரம் 495 ஆனது. 2012இல் மேடுபள்ளங்களையும் மணற்குழிகளையும் திருத்தத் தொடங்கியபோது, திடல் வடிவமைப்பாளர்கள் சிலரே கண்டித்தார்கள்.

திடலை நீட்டுவதா, பந்தைக் கட்டுப்படுத்துவதா? விதிகளை வகுக்கும் இரு அமைப்புகளும் பந்து பறக்கும் தூரத்தைக் குறைக்கும் முடிவை 2023 டிசம்பரில் அறிவித்தன. பழைய திடல்களுக்கு அது நல்ல செய்தி.

பழையது எதையும் தொடக்கூடாது என்பதல்ல வாதம். இத்திடலின் 18ஆவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையே 19ஆம் நூற்றாண்டில் டாம் மாரிஸ் புதிதாக அமைத்ததுதான். ஆனால் மாற்றம் திடலின் தேவைக்காகவா, சந்தையின் அவசரத்துக்காகவா என்று கேட்க ஆள் வேண்டும். செயிண்ட் ஆண்ட்ரூஸ் திடலுக்கு அப்படிக் கேட்பவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பாலத்தருகே பதித்த கல்லை எடுத்துவிட்டு மீண்டும் புல் பதிக்க வைத்தவர்களும் அவர்கள்தாம்.